தொட்டும் தொடாமலும்: சர் சி. வி. இராமன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் அண்டை ஊர்கள். தேர் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் திருவானைக்காவைக் கடக்கும்போது அங்கே பிறந்த ஒரு விஞ்ஞானியை நினைத்துக்கொள்கிறார்களோ, நாம் அறியோம். தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரியாரின் இல்லத்தில், 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் இரண்டாவது மகவாகப் பிறந்தவர் சந்திரசேகர வேங்கட இராமன். விஞ்ஞானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

அவரைப் பற்றி நாங்கள் படிக்க நேர்ந்தது ஐந்தாம் வகுப்புத் தங்கைகளால்தான். இராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28-ஆம் நாளை 1987-ஆம் ஆண்டு முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள் அல்லவா? அந்நாளில் ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தும்படி அறிவியல் ஆசிரியை எங்கள் நால்வரையும் பணித்தார். பாடம், தொடு விசையும் தொடா விசையும். கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டு, இந்தப் பக்கம் உராய்வு, அந்தப் பக்கம் காந்தம் என்று எழுதி ஒப்புவிக்கச் செய்வது எளிது. ஆனால் யாருக்காக அந்த நாளைக் கொண்டாடுகிறோமோ அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தபோது, அதன் முன்பகுதியில் எங்கும் தொடு விசையே நிறைந்திருந்தது. பின்னர் அவர் தொடா விசைகளின் உலகுக்குள் போய்விடுகிறார். ஆகவே அவருடைய வாழ்க்கையையே பாடமாக்கினோம். இங்கே எழுதுவதும் அதைத்தான்.

இராமனுடைய தந்தையார் திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1892-இல் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே பெயர்ந்தது. நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை காவிரியைப் பிரிந்து கடற்கரைக்குப் போயிற்று. அங்கே புனித அலோசியஸ் பள்ளியில் படித்துப் பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். நம் ஆறாம் வகுப்புத் தங்கைகளின் வயது! வீட்டில் பௌதிகப் புத்தகங்களும் கணிதப் புத்தகங்களும் அலமாரி நிறைய இருந்தன. தந்தையார் வயலினும் நன்றாக வாசிப்பார். இந்த வயலினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. பட்டத்தை முதலாவதாகத் தேறித் தங்கப் பதக்கம் பெற்றார். 1906-இல், பதினெட்டு வயதில், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் பத்திரிகை ஒன்றில் அச்சாயிற்று. 1907-இல் எம்.ஏ. முடித்தார். அதே ஆண்டில் வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரி அம்மையாரை மணந்துகொண்டு, நிதித்துறைப் பரீட்சையில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் துணைக் கணக்காயர் வேலையில் அமர்ந்தார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க இந்த நாட்டில் அன்று வழி இல்லை.

ஒரு நாள் டிராமில் போகும்போது பௌ பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கட்டிடம் பெரிது, ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே என்ற உதவியாளர். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு முன் விடியற்காலையிலும், அலுவலகம் முடிந்த பின் இரவு வரையிலும் இராமன் அங்கேயே கிடந்தார். கல்லூரிப் படிப்பே இல்லாத ஆசுதோஷ் டேயின் பெயரும் பிற்பாடு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம்பெற்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இனி பாடத்துக்கு வருவோம். தள்ளுவதும் இழுப்பதும் விசை. தொட்டுத்தான் தள்ள வேண்டும், தொட்டுத்தான் இழுக்க வேண்டும் என்றால் அது தொடு விசை. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பார்த்திராத தங்கை அந்த வகுப்பில் ஒருத்தியும் இல்லை. வடத்தைப் பிடித்து ஆயிரம் கைகள் இழுப்பது தொடு விசை. தேர் கட்டுக்கடங்காமல் ஓடாதிருக்கச் சக்கரத்துக்கு முன்னே முட்டுக்கட்டை போடுகிறார்களே, அந்தக் கட்டையும் சக்கரமும் உரசுவது உராய்வு விசை. அதுவும் தொட்டால்தான் உண்டு. இவ்வளவும் சொன்னவுடன் குழந்தைகள் உராய்வு என்றால் தடை, உராய்வு என்றால் தேய்மானம் என்று எண்ணிக்கொள்வார்கள். இந்த இடத்தில்தான் வயலினை எடுத்தோம்.

வயலினின் வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அதன்மேல் பிசின் தடவியிருப்பார்கள். வில்லைத் தந்தியின்மேல் இழுக்கும்போது, பிசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றிக்கொண்டு தன்னோடு சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது. தந்தி முறுக்கேறி, இனி வரமாட்டேன் என்று நழுவித் துள்ளிப் பின்னே ஓடுகிறது. ஓடியதை மறுபடி மயிர் பற்றுகிறது. மறுபடி நழுவல். ஒரு வினாடிக்குள் இப்படி நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. நம் காதில் விழுவது ஒரே நாதம். உராய்வே இல்லையென்றால் வயலின் ஊமை! எங்களுள் ஒருத்தி வயலின் கற்பவள். அவள் பிசின் தடவாத புது வில்லால் ஒரு முறையும் தடவிய வில்லால் ஒரு முறையும் வாசித்துக் காட்டினாள். முதல் முறை சத்தமே எழவில்லை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. இரண்டாம் முறை அமைதி.

தந்தி இவ்வாறு பற்றி நழுவுகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே கண்டிருந்தார். அவருடைய நூலை இராமன் மாணவப் பருவத்திலேயே விரும்பிப் படித்தவர். ஆனால் வில் எவ்வளவு அழுத்தமாகத் தந்தியைத் தொட வேண்டும்? வித்துவானின் கை அதை அறியும். கையைக் கேட்டால் எண் சொல்லத் தெரியாது. இராமன் ஒரு பொறி செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் நகரும். வில்லின் அழுத்தத்தை வேண்டிய அளவு கூட்டலாம், குறைக்கலாம். 1920-இல் வெளியான முடிவுகள் இவை: வில்லின் வேகத்தைக் கூட்டினால் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். வில்லைக் குதிரைக்குப் பாதித் தூரம் நெருக்கிக் கொண்டுபோனால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். (குதிரை என்பது தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலம், வால் மயிர்க் குதிரை வேறு. இதைச் சொல்லாவிட்டால் தங்கைகள் விடமாட்டார்கள்.)

வயலினோடு அவர் நிற்கவில்லை. மேல்நாட்டு முரசில் எழும் ஓசைகள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாக முடிகின்றன. நம் மிருதங்கம் மட்டும் ஏன் சுருதியோடு பேசுகிறது என்று ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவே உள்ள கறுப்புக் கரணைதான் காரணம். அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமையச் செய்கிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து அவர் இதை விளக்கினார். வீணையையும் தம்பூராவையும் பற்றி 1921-இல் எழுதினார். அவற்றின் குதிரை கூர்மையாக இல்லாமல் வளைந்து பரந்திருப்பதால், தந்தி அதிரும்போதெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. தம்பூராவில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் அந்தத் தொடுதலைச் சரிசெய்யத்தான். பெயர் தெரியாத நம் முன்னோர் யாரோ கண்டுபிடித்த நுட்பத்தைப் பௌதிகத்தின் மொழியில் எழுதி உலகுக்குக் காட்டியவர் இவர்.

கோலிக்குண்டுகூட அவருக்கு ஆராய்ச்சிப் பொருள்தான். உருண்டைகளைத் தொங்கவிட்டு மெதுவாக மோதச் செய்து, மோதலைப் புகைப்படம் எடுத்தார். மோதும் வேகம் குறையக் குறைய, எந்தப் பொருளாலான உருண்டையும் தன் வேகத்தை ஏறக்குறைய இழக்காமலே மீள்கிறது என்று 1918-இல் கண்டார்.

இதற்கிடையில் 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். அரசாங்க உத்தியோகத்தில் வந்ததில் ஏறத்தாழப் பாதிச் சம்பளம்தான் அங்கே. ஒப்புக்கொண்டார்.

தொடா விசைக்குப் போவோம். மாங்காய் காம்பறுந்தால் கீழே விழுகிறது. காவிரி மேற்கே மலையில் பிறந்து நம் ஊருக்கு இறங்கி வருகிறது. யாரும் கை வைத்துத் தள்ளவில்லை. பூமி தொடாமலே இழுக்கிறது. உலர்ந்த கூந்தலைச் சீவிய சீப்பு காகிதத் துணுக்குகளைத் தாவ வைக்கிறது. இது மின் விசை. ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டினால் கறுப்புத் துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. இது காந்த விசை. மூன்றையும் செய்து காட்டினோம். மாங்காய்க்குப் பதில் சுண்ணக்கட்டி.

அப்போது முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, அங்கே இரும்பு இருக்கிறது என்று காந்தத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதற்குக் கண் இல்லை, கை இல்லை, தொடவும் இல்லை. பிறகு எப்படி? நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாடநூலில் இந்தக் கேள்வி இல்லை. ஆசிரியை வந்து, காந்தத்தின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து இரும்புத் தூளைத் தூவச் சொன்னார். காகிதத்தை விரலால் தட்டினோம். தூள்கள் தாமாகவே கோடு கோடாக வளைந்து நின்றன. இரும்பு வருவதற்கு முன்பே காந்தம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தை மாற்றி வைத்திருக்கிறது. வந்த இரும்பு அந்த இடத்தைத்தான் உணர்கிறது. காந்தப் புலம் என்பது இதுவே. இந்த எண்ணத்தைத் தந்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவருடைய மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகி, விஞ்ஞானியானவர். 1859-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் சிறுவர் சிறுமியருக்கு அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளும் விசைகளைப் பற்றியவையே என்பதைப் பிறகு அறிந்து மகிழ்ந்தோம்.

இராமனை இந்த உலகுக்குள் இழுத்தது கடல். 1921-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கண்ணைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதுதான் அது என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். இராமன் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியால் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார். அதன்பின் ஏழாண்டுகள், மாணவர்களோடு சேர்ந்து, திரவம் திரவமாக ஒளியைச் செலுத்திப் பார்த்தார். அவர்களுள் முதன்மையானவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

1928 பிப்ரவரி 28. ஒரு நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் அந்த நிறத்தோடு வேறு நிறங்களும் மிக மங்கலாகக் கலந்திருக்கின்றன என்பது உறுதியாயிற்று. சுமார் அறுபது திரவங்களில் இதைக் கண்டதாக முதல் அறிக்கையிலேயே எழுதினார்கள். ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் இவ்வாறு நிறம் மாறுகிறது என்றால், அதைக் கண்ணால் பிடித்த பொறுமையை என்னென்பது!

இதற்கும் விசைக்கும் என்ன தொடர்பு? மூலக்கூறில் உள்ள அணுக்களைக் கயிறு போட்டுக் கட்டவில்லை. மின் விசைதான் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கிறது. தொடாமல் பிணைக்கும் அந்தக் கட்டு ஒரு சுருள்வில்லைப்போல இழுபட்டுச் சுருங்கி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒளி வந்து மூலக்கூறின் எலெக்ட்ரான்களை அசைக்கும்போது அந்த அதிர்வு ஒளியின் ஆற்றலில் சிறிது வாங்கிக்கொள்கிறது, அல்லது கொடுக்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. வயலின் தந்தி அதிர்வதை ஆராய்ந்தவர் இப்போது மூலக்கூறின் தந்தி அதிர்வதை ஒளியைக் கொண்டு கேட்டார் என்று நாங்கள் சொன்னோம். ஐந்தாம் வகுப்புக்கு இது அதிகம் என்று ஆசிரியை பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த முன்வரிசைச் சிறுமி விடவில்லை. அணுக்களே ஒன்றையொன்று தொடாவிட்டால், நான் மேசையைத் தள்ளும்போது மட்டும் என் கை மேசையைத் தொடுகிறதா என்று கேட்டாள். உண்மையில், மிக நெருங்கிப் பார்த்தால், கையிலுள்ள எலெக்ட்ரான்களை மேசையின் எலெக்ட்ரான்கள் நெருங்கவிடாமல் தடுப்பதைத்தான் நாம் தொடுதல் என்கிறோம். கரும்பலகையில் நாங்கள் போட்டிருந்த இரண்டு பத்திகளுக்கு நடுவே இருந்த கோட்டை எங்களில் ஒருத்தி பாதி அழித்துவிட்டாள்.

கிருஷ்ணன் பின்னாளில் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலம் தொடாமலே அவற்றை எவ்வளவு திருப்புகிறது என்று அளந்து புகழ்பெற்றார். இராமனுடைய தமையனார் மகன் சந்திரசேகர், விண்மீன்களைத் தம் எடையாலேயே நொறுங்கச் செய்யும் ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டு, 1983-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரர் அவர்.

1929-இல் சர் பட்டம். 1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு. பரிசு அறிவிக்கப்படும் முன்பே கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார் என்று சொல்வார்கள். 1954-இல் பாரத ரத்னா. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகங்களில் இருப்பதால் நீட்டவில்லை.

1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அந்த ஆண்டு நடந்த ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது. பெரியவரின் வாழ்க்கையில் அது ஏன் என்றாள் ஒருத்தி. மற்ற மூவரும் எழுத வேண்டும் என்றோம். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் என்ற பெண் அக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பெண் என்பதற்காக இராமன் மறுத்துவிட்டார். கமலா விடவில்லை, நேரில் சென்று காரணம் கேட்டு நின்றார். முடிவில், ஓராண்டு சோதனைக் காலம், ஆண் மாணவர்களின் கவனத்தைக் கெடுக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. ஓராண்டு அவருடைய உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறினார். பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது. கமலா கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். கமலா சோஹோனி என்று அறியப்படுபவர் அவரே.

கடலின் நிறத்தில் ராலே சொன்னதையே சோதிக்காமல் ஏற்காதவர், பெண்களைப் பற்றி ஊரார் சொன்னதை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார் என்பது எங்களை உறுத்தியது. சோதனை கண்முன் நடந்தபின் அவர் முடிவை மாற்றிக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1940-இல் பீர்மேட்டைச் சேர்ந்த அன்னா மாணி அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, வைரத்தின் ஒளியையும் மாணிக்கத்தின் ஒளியையும் ஆராய்ந்தார். ஒரு படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும், ஆராய்ச்சிக்கூடத்திலேயே உறங்கிவிடுவாராம். ஐந்து கட்டுரைகள் எழுதியும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் வானிலைத் துறைக்குச் சென்று, நாட்டுக்கு வேண்டிய வானிலைக் கருவிகளை இங்கேயே செய்யவைத்தார். அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் பௌதிகமும் கணிதமும் எடுக்க வேண்டும் என்று நாங்கள் நால்வரும் ஆசைப்படுகிறோம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. கமலாவைப் பற்றிய இந்தப் பகுதியை அவள்தான் எழுதினாள்.

1948-இல் இராமன் பெங்களூரில் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தினார். அங்கே வைரங்கள், படிகங்கள், கிளிஞ்சல்கள் என்று சேர்த்து வைத்திருந்தார். பள்ளிக் குழந்தைகள் வந்தால் இருட்டறைக்கு அழைத்துப் போய்ப் புறஊதா ஒளியைப் போடுவார். மங்கலாகக் கிடந்த கற்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிவிடும். பெரிய மனிதர்களிடம் சிடுசிடுப்பவர் குழந்தைகளிடம் அப்படி இல்லையாம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்துவது அவர் வழக்கம். 1970-இல் கடைசியாகப் பேசியபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள், காது எவ்வாறு கேட்கிறது என்பது. தந்தியில் தொடங்கியவர் செவிக்கு வந்து சேர்ந்திருந்தார். அம்மாத இறுதியில் ஆராய்ச்சிக்கூடத்தில் மயங்கி விழுந்தார். நவம்பர் 21-ஆம் நாள் உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் கல்லறை கட்டவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.